நஸீஹாவின் சண்டைகள்

கெர்க்கென்னாத் தீவில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறை நஸீஹாவின் கையில் இருந்தது. நான் அங்கே வாத்தியார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு தடவை வாய்தவறிச் சொன்னதற்கு, ஒரு வாரம் எனக்கு வெறும் ரொட்டிதான் கிடைத்தது. அவள் கணவன் ஜிலானி நேர்மாறானவன். மண்குடுவைகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கி ஆக்டோபஸ் பிடிக்கிறவன். பேசினால் மீன் ஓடிவிடும் என்பதுபோலக் கரையிலும் வாய் திறக்க மாட்டான்.

அவனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்கும் பரவியிருந்தது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனுடைய அண்ணன் மஹ்ஜூபை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். நஸீஹா வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். மஹ்ஜூப் வந்து, குடலில் புண் என்றார். தீவுக்குத் திரும்பும் கப்பலில் அவரை ஒரு மூலைக்கு இழுத்துப்போய் உண்மையைப் பிடுங்கினாள். ஜிலானியிடம் சொல்லிவிடாதே, பயத்திலேயே செத்துப்போவான் என்று அவர் கெஞ்சினார். அன்று வீட்டுக்குப் போனதும் அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த தடவை டாக்டர் மறுபடியும் மஹ்ஜூபைக் கூப்பிட, இவள் முந்திக்கொண்டு உள்ளே போனாள்.

"அவன் வாந்தியைத் தொடைக்கிறது நான். இனிமே எங்கிட்ட பேசுங்க."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறிய உடம்புக்குக் குளிர் ஆகாது. ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரைத் தொட்டாலே ஜிலானியின் விரல்களில் ஊசி குத்தியது; குடித்தால் தொண்டை இறுகியது. வெந்நீர்ப் புட்டியும் கம்பளிக் கையுறையும் இல்லாமல் நஸீஹா வாசற்படி தாண்டவில்லை. ஒருநாள் துறைமுகத்தில் யாரோ பெரிய மனிதரின் கல்யாண வண்டிகளை முதலில் ஏற்றிவிட்டு, இவர்கள் வந்த வாடகை வண்டியை அடுத்த கப்பலுக்கு நிற்கச் சொன்னார்கள். அவள் இறங்கிப்போய், கப்பலில் வண்டி ஏறும் பலகையின் நடுவே நின்றுகொண்டாள். மாப்பிள்ளையே இறங்கி வந்து வழிவிட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பொறுமையாக இரு என்றார்கள். மூன்றாவது ஆள் சொன்னபோது, அந்த அம்மா கொண்டுவந்த பேரீச்சம்பழத் தட்டைத் திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டினாள்.

இலையுதிர் காலத்தில் எடுத்த ஸ்கேன் படத்தில் ஈரல் கட்டிகள் வளர்ந்திருந்தன. பழைய மருந்தோடு வேறொன்றையும் சேர்த்து ஏற்றலாம், ஆயுள் சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார் டாக்டர். நஸீஹா சரி என்றாள். ஜிலானி வேண்டாம் என்றான். ஆக்டோபஸ் பருவம் வரப்போகிறது, குளிர்ந்த தண்ணீரில் கைவைக்க வேண்டும் என்றான்.

அன்று அவர்கள் வீட்டில் நடந்தது தெரு முழுக்கக் கேட்டது.

"உனக்காக ஊரெல்லாம் பகைச்சுக்கிட்டேன். நீ என்னடான்னா எட்டுக்கால் சனியனுக்காக என்னை விட்டுட்டுப் போறியா?"

"நான் உன்னை விட்டுப் போகலடி. ஆஸ்பத்திரியைத்தான் விடுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"என் கை எனக்கு வேணும், நஸீஹா. சாகிறவரைக்கும் கையுறை மாட்டிக்கிட்டு உட்கார முடியாது."

அவள் தட்டுகளை உடைத்தாள். பல நாள் அவனோடு பேசவில்லை. ஆனாலும் வலிக்கான மாத்திரைக்கு ஸ்ஃபாக்ஸ் போய்வந்தாள். இருப்பு இல்லை என்ற மருந்துக்கடைக்காரர் உள்ளே தேடி எடுத்துத் தரும்வரை கத்தினாள்.

குளிர் காலம் வந்தபோது ஊசிக் குத்தல் அடங்கியிருந்தது. ஆனால் அந்த மருந்தில் மரத்துப்போன விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. கயிறு அவன் பிடியிலிருந்து நழுவியது. அதைக் கரையிலிருந்து பார்த்த நஸீஹா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். கடல் என்றாலே குமட்டுகிறவள். அவன் இடம் காட்ட, அவள் கயிறு இழுத்தாள். குடுவைக்குள்ளிருந்து வெளியே வந்த ஒவ்வொன்றையும் அதன் தாய்வழி தந்தைவழி எல்லாம் சேர்த்துத் திட்டினாள். ஜிலானி அவ்வளவு சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்தால் வயிறு வலிக்குதுடி, நிறுத்து என்பானாம்.

பருவம் முடியுமுன் அவன் போய்விட்டான், வீட்டில், அவள் மடியில் தலைவைத்து. மஹ்ஜூபோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.

மறுபடி பள்ளிக்கூடத்துச் சமையலுக்கு வந்த பிறகு ஒருநாள், ஜிலானியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"அவன் சொன்னது நியாயம்தான் வாத்தியாரே. அது தெரியுது. ஆனா அந்த மருந்து கேட்டிருந்தா? அதை நெனச்சா இன்னமும் எரியுது. மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்."

சொல்லிவிட்டு, வரிசையில் தள்ளுமுள்ளு செய்த பிள்ளைகளை அதட்டிக்கொண்டே கஞ்சியை ஊற்றப் போனாள்.