மச்சான் சுற்றிவைத்த கைப்பிடி

என் வீட்டுக் கூடத்தில் காலண்டர் மாட்ட அடித்த ஆணியில், காலண்டருக்குப் பதிலாகச் சுருண்ட கறுப்பு ரப்பர் ஒன்று தொங்குகிறது. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டை அது. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்காமல் போவதில்லை. பிரஷர் பார்க்கிற கருவியில் மிச்சம் விழுந்தது என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பாம்புச் சட்டை என்று எதிர்வீட்டுக் குழந்தையிடம் சொல்லி, அவள் அம்மாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். உண்மையில் அது என் மச்சானுடைய மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடியில் சுற்றியிருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை, அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸ். என் மனைவி இறந்த பிறகு அவள் வழிச் சொந்தங்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, காப்பி ஆறுவதற்குள் கிளம்பிப் போகிறவர்களாகிவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலத்தின் ஒரு பக்கம் இடிந்துவிட்டால் யார்தான் ஏறி வருவார்கள்? இவன் ஒருத்தன் மட்டும் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்து வாசலில் ஹார்ன் அடிப்பான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறுவேன். திருவந்திபுரம் போவோம். மலைப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அடுத்த வாரம் ஏறுவோம் மாமா” என்பான். கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். மலை மேலிருக்கிற சாமிக்கு எங்கள் முகம் தெரிந்திருக்க நியாயமில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

வண்டி, புதுச்சேரியிலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய ஜப்பான் வண்டி. நிறுத்திவைத்தால் எருமை படுத்திருப்பது போல் இருக்கும். நம்மூர் வண்டிகளில் கிளட்சுக்கு ஒயர் உண்டு. இதற்கு ஒயர் கிடையாது, ஆயில்தான். “ஊசி போடுற மாதிரிதான் மாமா. லீவரப் புடிச்சா இந்தப் பக்கம் ஆயில அமுக்கும், அது குழாயில போயி அந்தப் பக்கம் கிளட்ச்ச தள்ளும். அவ்ளோதான்” என்று அவன் விளக்கியபோது, எனக்கு ஊசி என்ற சொல் மட்டும்தான் புரிந்தது. தாலுகா ஆபீசில் கிளார்க்காக ஓய்வு பெற்றவனுக்கு அதற்கு மேல் எதற்கு?

கடைசி வருஷத்தில் அந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. கியரில் போட்டுக் கிளட்ச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நிற்காது. சோறு கண்ட கன்றுக்குட்டி மாதிரி மெதுவாக முன்னால் நகரும். மஞ்சக்குப்பம் பக்கத்தில் ஒரு சிக்னலில் அப்படியே ஊர்ந்துபோய் முன்சக்கரம் போக்குவரத்துக் காவலரின் முழங்காலைத் தொட்டுவிட்டது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, “என்னா சார், காலுக்குள்ளயே வுட்டுக்கினு வர்றீங்க?” என்றார். மச்சான் கொஞ்சமும் அசராமல், “பாசம் சார். உங்களப் பாத்ததும் அதுவா வருது” என்றான். அவர் சிரித்துவிட்டதால் பிழைத்தோம். அதற்குப் பிறகு எங்கே நின்றாலும் இஞ்சினை அணைத்துவிடுவான். கேட்டால், “பெட்ரோல் மிச்சம் மாமா.”

அந்த நாட்களில் அவனிடம் நான் வியந்த இன்னொன்று, சூடு தாங்குகிற கை. திருவந்திபுரத்துக் கடையில் டீ எவர்சில்வர் டம்ளரில், கொதிக்கக் கொதிக்க வரும். நான் தோளில் கிடக்கிற பச்சைக்கரைத் துண்டை மடித்து அதற்குள் டம்ளரை உட்கார வைத்து, பிறந்த குழந்தையை ஏந்துவது போல் ஏந்துவேன். அவன் வெறுங்கையால் அள்ளிப் பிடிப்பான். “உனக்கு என்ன கையா, கரண்டியாடா?” என்பேன். “உங்களுது எல்கேஜி கை மாமா, நம்மளுது காலேஜ் கை” என்று என் துண்டைப் பார்த்துச் சிரிப்பான். பிறகு ஒரு நாள் அந்தத் துண்டு காணாமல்போனது. டீக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டு, அவர் தோளையே கொஞ்ச நாள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் தூக்கத்திலேயே போய்விட்டான். வேலையில் இருக்கும்போதே போனதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, பக்கத்திலேயே ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனாள். வண்டி நிற்க அங்கே இடமில்லை. சின்ன லாரியில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து சென்னையில் வேலை பார்க்கிற அவள் மகன் போன் செய்தான்.

“மாமா, நீங்க ஓட்டுறதா இருந்தா வச்சிக்குங்க. சும்மா நிக்கப்போவுதுன்னா குடுத்துடலாம். சேத்தியாத்தோப்புல ஒருத்தர் கேக்குறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வந்து பாக்கட்டா?”

பிள்ளை நியாயமாகத்தான் கேட்டான். நிற்கிற இடத்தில் நிற்காத வண்டியை என் வயசில் யார் ஓட்டுவார்கள்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று அவன் சொன்னதுதான் என்னைச் சுட்டது. மற்ற கிழமையாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குள் சரிபண்ணிவிடுவதாகச் சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் சரிபண்ணத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். ஆயிலில் காற்றுக் குமிழி இருந்தால் லீவரின் அழுத்தம் கிளட்சுக்குப் போய்ச் சேராது, வண்டி இழுக்கும் என்றார்கள். மூடியைத் திறந்தால் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. புது ஆயில் ஊற்றிக் காற்றை எடுக்க வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. ஒருத்தர் லீவரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் கீழே இஞ்சின் பக்கத்திலிருக்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் லீவரை விட்டுவிட்டால் வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே ஏறிவிடும். மச்சான் இதைச் செய்தபோது நான்தான் லீவர் பிடித்திருக்கிறேன். கீழே குந்தியிருந்து குரல் கொடுப்பான்: “புடி மாமா… வுடாத… வுடாத… ம், வுடு.” அவன் என்னை ஒருமையில் கூப்பிட்டது அந்த வேலையின்போது மட்டும்தான்.

என் கை குட்டை. லீவரையும் திருகையும் ஒரே நேரத்தில் எட்டாது. லீவரைக் கயிற்றால் கட்டினேன், கீழே குந்தினேன், திறந்தேன், மூடினேன், எழுந்தேன், அவிழ்த்தேன், திரும்பக் கட்டினேன். முட்டி இரண்டும் மச்சானை விட மோசமாக என்னைக் கேலி செய்தன. வரிசை மறந்துபோகாமலிருக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். “புடி. புடிச்சிட்டேன். வுடாத. வுடல. ம், வுடு.” தெருப்பக்கத்துச் சுவருக்கு மேலாக எதிர்வீட்டுக் குழந்தையின் அம்மா எட்டிப் பார்த்து, “யார் வந்திருக்காங்க சார்?” என்றாள். ஒருத்தரும் இல்லை என்றேன். அவள் குழந்தையை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அவ்வளவும் செய்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, கிளட்ச்சைப் பிடித்து கியர் போட்டேன். பின்சக்கரம் சுற்றியது. பிரேக்கை மிதித்தேன், இஞ்சின் திணறி அணைந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தேன். “உள்ள பிளேட்டெல்லாம் ஒட்டிக்கினு இருக்கும் சார். எறக்கித்தான் பாக்கணும். சாமான் சென்னையிலருந்து வரணும். ஞாயித்துக்கிழமையா? எந்த மாசத்து ஞாயித்துக்கிழமை?” என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

திரும்ப ஓடவிட்டு, கியர் போட்டு, கோபத்தில் லீவரை இரண்டு கையாலும் சேர்த்து நெரித்தேன். அப்போது சக்கரம் தயங்கியது. இன்னும் நெரித்தேன். நின்றது. கையைத் தளர்த்தினால் சுற்றியது. குனிந்து பார்த்தேன். லீவர் வரவேண்டிய தூரம் முழுக்க வரவில்லை. நடுவிலேயே கைப்பிடியில் சுற்றியிருந்த ரப்பரில் முட்டிக்கொண்டு நின்றது. பிளேட்டும் இல்லை, காற்றும் இல்லை. கைப்பிடி அவ்வளவு பருமனாக இருந்தது. வலது கைப்பிடியைப் பார்த்தேன். அதில் ஒரு சுற்றுகூட இல்லை.

அதை எடுத்துவிட்டால் வண்டி நிற்கும். எடுக்காவிட்டால் சேத்தியாத்தோப்புக்காரர் கொண்டுபோவார். மச்சான் கையால் சுற்றியது அப்படியே இருக்கும், ஆனால் என்னிடம் இருக்காது. உள்ளே போய் டீ போட்டுக் குடித்தேன். ஆறவைத்துத்தான் குடித்தேன், துண்டு இல்லையே. பிறகு கத்தரிக்கோல் வேண்டாம் என்று முடிவு செய்து, நுனியைத் தேடி, கையாலேயே பிரிக்க ஆரம்பித்தேன்.

வெளியே சைக்கிள் டியூப். அதற்குள் கிரிக்கெட் மட்டையின் கைப்பிடிக்குப் போடுகிற ரப்பர் உறை. அதற்குள் இன்னொரு சுற்று டியூப், பழையது, வெடித்தது. ஒரே நாளில் சுற்றியதல்ல, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியது என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே, கைப்பிடியை ஒட்டி, பட்டையாகக் கிழித்த துணி. பச்சைக்கரை. என் துண்டு.

டீக்கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மச்சான் மகனுக்குப் போன் செய்தேன். “அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடு. வண்டி ஓடுது.”

“நெசமாவா மாமா? நீங்களேவா ஓட்டப்போறீங்க?”

“பின்னாடி உக்காந்து பாத்தேன்டா. அதுவா போவமாட்டேங்குது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு ஓட்டினேன். மெதுவாகத்தான். பஸ்காரர்கள் என்னைப் பெயர் தெரியாமலே திட்டினார்கள். மச்சான் வீட்டுக்கு அவன் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை போன சாலை, ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரை அந்தச் சாலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மச்சானுடைய சட்டை முதுகு மட்டும்தான். முன்னால் இவ்வளவு வெட்டவெளி இருக்குமென்று நினைக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தங்கச்சி வாசலுக்கு ஓடிவந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் ஒல்லியாகிப்போன அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள்.

“எடுத்துட்டீங்களாண்ணா?”

“அதாலதான் வண்டி இழுத்துது. எதுக்கும்மா இவ்ளோ சுத்தி வச்சிருந்தான்?”

“கையில உணர்ச்சியே இல்லண்ணா அவருக்கு. சக்கரையால. இடது கைதான் ரொம்ப. மெலிசா இருந்தா புடிச்சிருக்கமா வுட்டுட்டமான்னே தெரியலம்பாரு. சட்ட பட்டன்கூட நான்தான் போட்டு வுடுவேன்.” முந்தானையால் வண்டியின் டேங்கைத் துடைத்தாள். “உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா பின்னாடி ஏறமாட்டீங்களாம். அப்பறம் ஞாயித்துக்கிழமை நீங்க என்னா பண்ணுவீங்கன்னு கேப்பாரு.”

அவள் துடைக்கத் தோதாக வண்டியைப் பிடித்துக்கொண்டேன். என் உயிரை வாராவாரம் அந்தக் கையில் ஒப்படைத்திருக்கிறேன், அந்தக் கைக்கே அது தெரிந்திருக்கவில்லை என்று ஒரு வேடிக்கை பிற்பாடு தோன்றியது. சொல்லிச் சிரிக்க வேண்டியவன் அவன்தான்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. இஞ்சினை அணைக்கவில்லை. கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி நின்றேன். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ரயில் போயிற்று, கேட் திறந்தது, நான் லீவரை விடவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், “பெருசு, வண்டி மக்கர் பண்ணுதா?” என்று கத்தினான். இல்லப்பா, நல்லாத்தான் நிக்குது என்று அவனுக்குக் கேட்காத குரலில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

துண்டுப் பட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். திருவந்திபுரத்துக்குத் தனியாகப் போகும்போது டம்ளர் பிடிக்க அதுதான். ரப்பர் ஆணியில் தொங்குகிறது. எப்போதாவது எடுத்து நேராக நீட்டிப் பார்ப்பேன், நீளும். விட்டதும் அந்தக் கைப்பிடியின் பருமனுக்கே திரும்பவும் சுருண்டுகொள்ளும். உள்ளே பிடிப்பதற்கு ஒன்றுமில்லை என்று இன்னும் அதற்குத் தெரியவில்லை.