குழாய் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்

எங்கள் அலுவலகத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு நதியைப் பற்றிய புகாரோடு தொடங்குகிறது. "காவேரி வரலை மேடம்" என்று பி பிளாக்கிலிருந்து ஒரு குரல். "காவேரி மஞ்சளா வருது" என்று டி பிளாக்கிலிருந்து இன்னொன்று. பெங்களூருக்கு வந்த புதிதில் இந்தப் பேச்சு என்னைத் திகைக்க வைத்தது. இங்கே காவேரி என்பது சமையலறையில் இருக்கும் ஒரு குழாயின் பெயர். பக்கத்தில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் குழாய்க்குப் போர் என்று பெயர். இரண்டும் நின்றுவிட்டால் வாசலுக்கு டேங்கர் வரும். வாணியம்பாடிக்காரியான எனக்கு ஆறு என்றால் பாலாறு. அதாவது, பாலத்தைக் கடக்கும்போது கீழே தெரியும் மணல். நதியின் பெயரைச் சொல்லிக் குழாயைத் திருகும் ஊரில் கூச்சமில்லாமல் வாழப் பழக எனக்குச் சில காலம் பிடித்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறேன். புகார்களைக் கேட்டு, பிளம்பரையோ எலெக்ட்ரிஷியனையோ அந்தந்த வீட்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு. வீடு சந்தாபுராவில், திருமணமாகி வந்ததிலிருந்து அங்கேதான். இந்த வேலையில் இருப்பதாலேயே, ஊரிலிருந்து வரும் அழைப்புகள் பலவும் ஒரே கேள்வியைச் சுமந்து வருகின்றன: பிள்ளையை ஐ.டி.ஐ.யில் பிளம்பிங் சேர்க்கலாமா, பெங்களூரில் என்ன கிடைக்கும்? நான் அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். வேலை இருக்கிறது. கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும்வரை இருக்கும். எழும்பிய கட்டடங்கள் ஒழுகிக்கொண்டிருக்கும்வரை அதற்குப் பிறகும் இருக்கும். அரசுப் பயிற்சி நிலையத்தில் ஓராண்டுப் படிப்பு. கட்டணம் பெயருக்குத்தான், உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அந்தச் சான்றிதழ் இருந்தால் பராமரிப்பு நிறுவனங்கள் சீருடை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கொடுத்து மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சம்பளம் தொடங்கிய இடத்திலேயே நெடுநாள் நிற்கும். கையில் பணம் தங்க வேண்டுமானால் மேஸ்திரி ஒருவரிடம் பாயிண்ட் வேலைக்குப் போக வேண்டும். ஒரு குழாய் வாய் ஒரு பாயிண்ட். இத்தனை பாயிண்ட் முடித்தால் இவ்வளவு என்று பேச்சு. வேகமான கைகளுக்கு மாதச் சம்பளக்காரரைப் போல இருமடங்கு கிடைக்கும். அங்கே சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ஒடிசாவிலிருந்து ஊரோடு கிளம்பி வந்து இந்த வேலை செய்பவர்களில் பலர் பயிற்சி நிலையத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. சில ஆண்டுகள் பாயிண்ட் வேலை செய்தவர்கள் தாமே மேஸ்திரி ஆகிறார்கள், அல்லது ஏஜெண்ட் வைக்கும் தேர்வில் பைப் வெட்டி இணைத்துக் காட்டிவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள்.

பிள்ளை என்று அவர்கள் சொல்வது எப்போதும் ஆண்பிள்ளையைத்தான். ஒரே ஒருமுறை ஆம்பூரிலிருந்து ஒரு தாய் மகளுக்காகக் கேட்டார். அன்று, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏனென்றால் என் தங்கை மலர்விழி பிளம்பர்.

எனக்கும் அவளுக்கும் வயது இடைவெளி அதிகம். நான் கல்யாணமாகிக் கிளம்பியபோது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஒரு தனியார் பள்ளியில் எழுத்தர் வேலை பார்த்துச் சலித்து, இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். அம்மா தையல் பிரிவில் சேரச் சொன்னார். "மிஷின் முன்னாடி குனிஞ்சே முதுகு போயிடும்மா. குழாய்னா நாலு வீடு சுத்தலாம்" என்று மலர் சொன்னதை அம்மா இன்றுவரை ஒரு குற்றச்சாட்டைப் போலவே திருப்பிச் சொல்கிறார். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் மாதம் யாரும் பேசவில்லையாம். வைஸில் இரும்புக் குழாயைக் கடித்துப் பிடிக்கவைத்து மரை போடும்போது, இவளுடைய மரைதான் ஒழுகாமல் நின்றது என்று ஆசிரியர் எல்லோர் முன்னும் தண்ணீர் விட்டுக் காட்டிய பிறகு பேசினார்களாம். விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு. பரிசு வாங்கிய பிள்ளை போல அதை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

வாணியம்பாடியில் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் குடியிருப்பின் பராமரிப்பு நிறுவனத்தில் ஓர் இடம் காலியானபோது, எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகலாம் என்று வரச் சொன்னேன். சீருடை ஆண்களின் அளவில் தைத்தது. தோளைச் சுருக்கி அவளே தைத்துக்கொண்டாள். ("பாத்தியா, தையலும் வருது, அம்மாகிட்ட சொல்லிடாதக்கா.") அவள் வருகை முதலில் வேடிக்கையாகவும், பிறகு பெரிய வசதியாகவும் ஆனது. பகலில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் மட்டுமே இருப்பார்கள். குளியலறைக்குள் ஓர் ஆணை விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கும் சங்கடம் இவளால் நீங்கியது. "மலரை அனுப்புங்க" என்று பெயர் சொல்லியே கேட்கத் தொடங்கினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

சி பிளாக்கில் மைசூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு கன்னட அம்மாள் இருக்கிறார். மிக நல்லவர். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஃபிளஷ் டேங்கைச் சரிசெய்துவிட்டு மலர் கிளம்பும்போது, "இரு, குங்குமா தகொண்டு ஹோகம்மா" என்று நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பெண்ணைக் குங்குமம் வாங்கிக்கொள்ளாமல் அனுப்புவது அவர்கள் வழக்கமில்லை. மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ, வெற்றிலை பாக்கு, அதன்மேல் ரவிக்கைத் துணி. மலர் கைகழுவிக்கொண்டு வாங்கி வந்தாள். அதே வீட்டில் முந்தைய மாதம் ஆண் பிளம்பர் அதே வேலையைச் செய்தபோது அவர் கையில் பணம் வைத்து அனுப்பியிருந்தார். இது ஒரு வீட்டோடு நிற்கவில்லை. கன்னட வீடுகள், தெலுங்கு வீடுகள், நம் தமிழ் வீடுகளும்கூட அப்படியே நடந்துகொண்டன. ஒரு பெண் வீட்டுக்குள் வந்து போனால் அவள் விருந்தாளி. விருந்தாளியின் கையில் கூலியை வைப்பது மரியாதைக் குறைவு. ஆண் பிளம்பர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் வந்துகொண்டிருந்த அந்தச் சிறு வருமானம் இவளுக்கு ரவிக்கைத் துணிகளாக வந்தது. எங்கள் பீரோவில் ஒரு தட்டு நிறைந்தது. "ஜவுளிக்கடை வெக்கலாம்க்கா, பிளம்பிங்க விட நல்லா ஓடும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் தாண்டி அதில் வேறென்ன இருக்கிறது என்று அப்போது இருவருமே யோசிக்கவில்லை.

தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையான கோடைக்குப் பிறகு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர் மீட்டர் பொருத்தக் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. நூற்றுக்கணக்கான வீடுகள், மாதக்கணக்கில் பாயிண்ட் வேலை. ஆனேக்கலைச் சேர்ந்த நஞ்சுண்டப்பா என்ற மேஸ்திரி அதை எடுத்தார். மலர் அதில் சேர வேண்டும் என்று விரும்பினாள். பணம் ஒரு காரணம்தான். பெரிய வேலை ஒன்றைப் பாயிண்ட் கணக்கில் முடித்தவள் என்ற பேச்சு எழுந்தால், அதன்பிறகு எந்த மேஸ்திரியிடமும் போகலாம். ஒரு நாள் தானே வேலை எடுக்கலாம். இல்லையென்றால் வாஷர் மாற்றும் பெண்ணாகவே கழியும். முப்பதை நெருங்குகிறவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. "இது விட்டா அடுத்தது எப்ப வரும்னு தெரியாதுக்கா" என்றாள்.

நஞ்சுண்டப்பா மறுக்கவில்லை. "ஆய்த்தம்மா, நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அதற்குப் பொருள். மலர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மறுநாளே நிறுவனத்தில் நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டாள். அவர் உண்மையிலேயே பார்க்கத்தான் செய்தார். பாயிண்ட் வேலை ஜோடி வேலை. பைப்புகள் மேலும் கீழும் ஓடும் குறுகிய ஷாஃப்டுக்குள் ஒருவர் கயிற்றில் இறங்குவார்; மற்றவர் மேலே நின்று கயிறும் பொருளும் கொடுப்பார். கூலி பாதிப் பாதி. ஜோடி ஒரே டப்பாவில் சாப்பிடும், ஒரே பைக்கில் வரும், போகும். ஓட்டுபவருக்குப் பின்னால் இருப்பவர் நீளமான பைப்புகளைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். மலருக்கு ஜோடியாக யார் வருவது?

ஐ.டி.ஐ.யில் அவளுக்குப் பின் படித்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பெண் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம், வேன் வாசலுக்கு வருகிறது, இதை விட்டுவிட்டு எதற்கு என்றாளாம். கடைசியில் நஞ்சுண்டப்பாவின் ஆட்களில் ஒருவரான பாஷா பாய் சம்மதித்தார். ஐம்பதை எட்டியவர், தக்னி உருதுவும் தமிழும் கன்னடமும் கலந்து பேசுபவர். அவருடைய ஜோடி வளைகுடாவுக்குப் போய்விட்டிருந்தார். முதல் நாள் ஷாஃப்டுக்குள் யார் இறங்குவது என்று கேட்டதற்கு மலர், "நீங்க குண்டு பாய், நான் எறங்குறேன். கயித்த மட்டும் விட்ராதீங்க" என்றாளாம். அவர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சில நாட்களிலேயே மற்ற ஜோடிகளை இவர்கள் முந்தினார்கள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூசியாக இருக்கும். அப்படி நிறைந்த முகத்தோடு அவளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஒரு பிற்பகல் பாஷா பாய் என் அலுவலகத்துக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க தங்கச்சி கை சுத்தம். ஒரு கொறை சொல்ல முடியாது" என்றார். பிறகு பைக் சாவியைத் திருப்பிக்கொண்டே தொடர்ந்தார். "சந்தாபுரா சிக்னல்ல பைப் புடிச்சிக்கினு என் பின்னாடி உக்காந்திருந்துச்சி. எங்க ஆளுங்க யாரோ பாத்துட்டு வூட்ல சொல்லிட்டாங்க. டெய்லி கிட்கிட், சண்ட. வூட்டுக்காரி சோறு வெக்குறா, பேசறதில்ல. என் பொண்ணுக்கும் மாப்ள பாத்துக்கினு இருக்கோம். நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

மலர் தனி ஸ்கூட்டரில் வரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு வண்டியில் போனால் பைப்பை யார் பிடிப்பது என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அது சாக்கு அல்ல. அந்த வேலை அப்படித்தான் அமைந்திருக்கிறது. அவர் மனைவி மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் இருந்திருந்தால் நான் எப்படி நடந்துகொண்டிருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாஷா பாய் விலகிக்கொண்டதும், மலர் நஞ்சுண்டப்பாவிடம் தானே போய்ப் பேசினாள். நானும் உடன் இருந்தேன். வேறு ஜோடி தாருங்கள், கூலியில் குறைத்துக்கொண்டாலும் சரி என்றாள். அவர் எழுந்து நின்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "சிஸ்டர், நீவு நம்ம தங்கி தர. உங்கள கயித்துல தொங்க விட்டு எனக்குச் சோறு எறங்குமா?" என்று தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார். மீட்டர் அளவுகளைக் குறித்துக்கொள்ளும் வேலை ஒன்று இருக்கிறதாம்; மேஜை, மின்விசிறி, ராணி மாதிரி உட்காரலாமாம். அவர் குரலில் கேலி துளியும் இல்லை.

"தங்கச்சி மாதிரின்னா பாதிப் பங்கு குடுங்க சார்" என்றாள் மலர்.

அவர் உரக்கச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். அவள் சிரிக்காததை அவர் கவனிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், "திட்டியிருந்தா சண்டை போடலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள். தொழிலாளியாக அவளை வெறுத்தவர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் மரியாதை கொடுத்தார்கள். அந்த மரியாதை அவளை வேலையிலிருந்து ஓரடி தள்ளியே உட்கார வைத்தது.

அந்த மேஜை வேலையை ஏற்காமல், பழைய வேலையையும் விட்டுவிட்டு, இப்போது அவள் ஓசூரில், குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். வேடிக்கை என்னவென்றால் அங்கேதான் அவள் ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு முழு மதிப்புக் கிடைத்தது. பிளம்பராக வாங்கியதைவிடச் சம்பளமும் கூடுதல். ஏசி அறையில் வேலை என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறாள், இரவு கர்நாடகத்தில் தூங்குகிறாள். ஆம்பூர்த் தாய்க்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: படிக்க வையுங்கள், முடிந்தால் அவள் தோழி ஒருத்தியையும் சேர்த்துப் படிக்க வையுங்கள். இரண்டு பேராக அனுப்புங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவளுடைய ஷோரூமைப் பார்க்கப் போனேன். சுவர் முழுக்க வரிசையாகக் குழாய்கள், விளக்கொளியில் மின்னின. சுவருக்குப் பின்னால் பைப் கிடையாது. வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு கன்னடத் தம்பதி ஒரு குழாயின் முன் நின்றிருந்தார்கள். பெங்களூரில் பத்து வார்த்தைக்கு மேல் கன்னடம் பேசத் தேவைப்படாத மலர், இங்கே தமிழ்நாட்டில் நின்று அவர்களுக்குச் சரளமான கன்னடத்தில் அதன் உள்ளமைப்பை விளக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேகமாக வருமா என்று அந்தப் பெண் கேட்டார். மலர் வலது கையால் கைப்பிடியைத் தூக்கினாள். அதே கணத்தில் அவளுடைய இடது உள்ளங்கை, யாரும் கேட்காமல், குழாயின் வாய்க்குக் கீழே போய்க் குவிந்து நின்றது.