சந்தை நிலவரம் கேட்கும் பூவாயி

"கண்ணு, சந்தை ஏறுச்சா, எறங்குச்சா?"

வெள்ளிக்கிழமை மருத்துவ வண்டி வாழவந்தியில் வந்து நின்றதும், டிரைவர் லோகேஷ் கதவைத் திறப்பதற்குள் பூவாயி கேட்டுவிடுவார். காப்பி விலையோ மிளகு விலையோ அல்ல, மும்பைப் பங்குச் சந்தையைத்தான் விசாரிக்கிறார். வரிசையில் நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். லோகேஷ் செல்போனைத் தடவிப் பார்த்து, "ஏறித்தானுங்க்கா கெடக்குது" என்பான். சந்தை விழுந்த நாளிலும் அவன் அப்படித்தான் சொல்வான் என்று எனக்கொரு சந்தேகம்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பூவாயிக்குப் பங்குப் பத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் வண்டியை அனுப்புவது ஒரு மியூச்சுவல் ஃபண்டு கம்பெனி. லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். "சந்தை வுழுந்தா அவங்களுக்கு லாபம் கொறையுமாமுங்க. அப்புறம் வண்டிக்கு டீசல் யாரு ஊத்துவாங்க?" என்றார் என்னிடம்.

கணவர் செங்கோடனுக்குச் சர்க்கரை. சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே என்று தள்ளிப்போட்டதில் ஒரு கால்விரல் போயிற்று. வண்டி வரத் தொடங்கிய பிறகுதான் மிச்சமிருந்த புண் ஆறியது. மனிதர் இப்போது டீக்கடை வரை தானே நடக்கிறார். "மாத்திரை நின்னா மறுக்கா வெடிச்சிருமுங்க" என்பதுதான் பூவாயியின் ஓயாத பயம்.

வண்டியை இங்கேயே ஓட்டுவதா, வேறு ஊருக்கு அனுப்புவதா என்று பார்க்க, கம்பெனி அதிகாரி ஒருவர் போன வாரம் வந்தார். அன்று காலை பூவாயி பட்ட பாடு சொல்லி மாளாது. நல்ல சேலையைக் கட்டினார், அவிழ்த்தார், பழையதைக் கட்டினார். பூவை வைத்தார், எடுத்தார்.

"நொம்ப நல்லாயிட்டோம்னா வண்டி வேற ஊருக்குப் போயிருமுங்க. நல்லாவலைன்னா, வந்து என்ன பிரயோசனம்னு நிறுத்திருவாங்க. நான் எப்படித்தானுங்க போயி நிக்கிறது?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்தவர் சின்ன வயசுக்காரர், தன்மையானவர். செங்கோடன் அருகில் உட்கார்ந்து, "புண் இப்போ எப்படிங்கய்யா இருக்கு?" என்று விசாரித்தார். ஊர் முழுக்கக் காட்டிக் காட்டிப் பூரித்த கால் அல்லவா அது! செங்கோடனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே பாருங்க சாமி" என்று காலை நீட்டினார்.

பூவாயி குனிந்து, அவருடைய வேட்டியை இழுத்து, அந்தக் காலை மூடினார்.