கரைந்து போன கையெழுத்து

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலையில், சேரப்பணஞ்சேரியிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் நான் கண்ணீர் விட வைத்தேன்.

மேடையில் நான் பேசிக் கூட்டம் கண் கலங்கியது உண்டு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அன்று நான் ஒரு சொல்லும் உதிர்க்கவில்லை. பேசியது என் மடியில் இருந்த மஞ்சள் பை!

"யாருய்யா அது? இன்னா எடுத்துகினு வந்துகீறே? கண்ணு எரியுதுய்யா!" என்று கண்டக்டர் முன்வாசலிலிருந்து கத்தினார்.

"மருந்து" என்றேன்.

"மருந்தா? கொசு மருந்தா, மனுசன் மருந்தா? ஒண்ணு எறங்கு, இல்லாட்டி ஜன்னலுக்கு வெளியே புடிச்சிகினு வா!"

வெளியே நீட்டிப் பிடித்தபடியே படப்பையைக் கடந்தேன். பைக்குள் இரண்டு சிறு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில், என் அத்தை சூசையம்மாளின் மார்பில் இருக்கும் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த சுண்டைக்காய் அளவு சதை. மற்றொன்றில், வடக்குப்பட்டு குப்பம்மாளின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த அதே அளவு சதை. இரண்டும் கெடாமல் இருக்க, ஃபார்மலின் என்னும் நெடி மிகுந்த திரவத்தில் ஊறிக்கொண்டிருந்தன. ரப்பர் மூடி சரியாக இறுகவில்லை. பஸ் குலுங்கக் குலுங்க அது கசிந்து, பையை நனைத்து, பயணிகளின் கண்களைப் பதம் பார்த்தது.

நான் ஏன் அதைச் சுமந்தேன்? எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் வெட்ட ஆள் உண்டு. வெட்டியதைப் பரிசோதிக்க ஆள் இல்லை. பட்டணத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் புற்றுநோயா, வெறும் கட்டியா என்று அறிய வேண்டும். கொண்டுபோக வேண்டிய ஊழியர் விடுப்பில் இருந்தார். எனக்கோ அன்று மாலை பட்டணத்தில் சொற்போர். "போற வழிதானே தம்பி, குடுத்துட்டுப் போயிடேன்" என்று நர்ஸ் பையைக் கையில் கொடுத்துவிட்டார்.

இரண்டு பாட்டில்களின் மேலும் கோந்து தடவிய காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பெயர், வயது, ஊர். கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து... எல்லாமே பச்சை மையில்!

பச்சை மை என்றால் என்ன என்று என் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? நம் நாட்டில் நீல மை எழுதும். கறுப்பு மை எழுதும். பச்சை மை ஆளும். அந்த நிறத்தில் ஒப்பமிடும் தகுதி வந்த நாளிலிருந்து சிலருக்கு நடையே மாறிவிடுகிறது. எங்கள் பெரிய டாக்டர் கெட்டவர் அல்லர், லஞ்சம் வாங்காதவர், கத்தி பிடிக்கும் கை நடுங்காதவர். அவருக்கு இருந்த ஒரே நோய் அந்தப் பேனாதான்.

ஆய்வுக்கூடத்தில் பாட்டில்களை வாங்கியவர் ஒரு பெண் டாக்டர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பையைத் திறந்தார். லேபிள்கள் இரண்டும் ஈரத்தில் ஊறிப்போயிருந்தன. பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. எழுதியிருந்த மை முழுவதும் கரைந்து, இரண்டு காகிதங்களிலும் பாசி படிந்ததுபோல் ஒரு பச்சைக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது.

"இதுல எது யாரோடது?"

"ஒன்று என் அத்தையுடையது, டாக்டர். மற்றது குப்பம்மாள் என்ற..."

"அது சரிப்பா. எது?"

எதிர் அணியினர் எழுப்பிய எத்தனையோ வினாக்களுக்கு எழுந்த வேகத்தில் விடை சொன்னவன் நான். அந்த இரண்டெழுத்துக் கேள்விக்கு இரண்டு பச்சைக் கறைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அவர் முகம் சிவந்தது. அந்தக் கோபம் என்மேல் இல்லை என்பது விரைவிலேயே தெரிந்தது.

"உங்க ஆஸ்பத்திரிக்கு நான் எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு. ஒரு துண்டுக் காகிதம். அதுல பென்சில்ல பேரெழுதி, சதையோட சேர்த்து பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்க. பென்சில் ஃபார்மலின்ல கரையாது. மை கரையும். ஊரெல்லாம் இப்படித்தான் அனுப்பறாங்க. உங்க பெரிய டாக்டர் என்ன பதில் எழுதினார் தெரியுமா? பென்சில்ல எழுதினது ஆவணம் ஆகாதாம். யார் வேணும்னாலும் அழிச்சிடலாமாம்!"

யார் அழிப்பார்? மூடிய பாட்டிலைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூழ்கிக் கிடக்கும் காகிதத்தை எடுத்து, ரப்பரால் தேய்த்து, சூசையம்மாளைக் குப்பம்மாள் ஆக்கத் துடிக்கும் அந்தச் சதிகாரன் யார்? அவனைக் கண்டவர் உண்டா? கண்டவர் இல்லை. ஆனால் அவனுக்கு அஞ்சி ஓர் ஆணை! அந்த ஆணைக்கு அஞ்சி ஓர் ஆஸ்பத்திரி!

"இப்போது என்ன செய்வது, டாக்டர்?" என்றேன்.

அவர் பென்சிலை எடுத்தார். ஒரு துண்டில் 'அ' என்றும் மற்றொன்றில் 'ஆ' என்றும் எழுதிப் பாட்டில்களுக்குள் போட்டார்.

"சதையைப் பார்த்து நோயைச் சொல்வேன். பேரைச் சொல்ல மாட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி வந்தா தப்பிச்சீங்க. மாறி வந்தா, ரெண்டு பேர்கிட்டேயும் திரும்ப எடுத்தாகணும்."

மாறித்தான் வந்தது.

அடுத்த வாரம் முடிவுகளை வாங்கிவந்து பெரிய டாக்டரின் மேசைமேல் வைத்தேன். 'அ' பாட்டிலில் இருந்தது தீங்கற்ற கட்டி. 'ஆ' பாட்டிலில் இருந்தது புற்று. இரண்டு தாளிலும் அடியில் அந்தப் பெண் டாக்டர் எழுதியிருந்தார்: யாருடையது என்று தெரியாது, புதிதாக எடுத்து அனுப்பவும்.

அறைக்குள் பெஞ்சில் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். என் அத்தை கழுத்து ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். குப்பம்மாள், வடக்குப்பட்டில் நாற்று நடும் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர். மடியில் வெற்றிலைச் சுருக்குப் பையை இறுகப் பிடித்திருந்தார். இருவரில் ஒருவருடைய மார்பை எடுத்தாக வேண்டும். மற்றவர் வீட்டுக்குப் போகலாம். யார், யார்?

பெரிய டாக்டர் தாள்களைப் படித்தார். அடிக்குறிப்பையும் படித்தார். பிறகு, அன்பர்களே... சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார்!

"சூசையம்மாளுக்குக் கட்டி கல்லு மாதிரி இருந்தது. 'ஆ' அவங்களோடதுதான். குப்பம்மா, உனக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே, தாளில் பெயர் எழுதப் போனார்.

நான் எழுந்தேன். "பெயர் தெரியாது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்களே, டாக்டர்?"

"தம்பி, இத்தனை வருஷமா கட்டியைத் தொட்டுப் பார்த்த விரல் இது. அது பொய் சொல்லாது."

"விரல் போதுமென்றால் கத்தி எதற்கு? விரல் போதுமென்றால் பாட்டில் எதற்கு? விரலே விடை சொல்லுமென்றால், பஸ் முழுவதும் கண்ணீர் விட நான் அந்தப் பையைப் பட்டணம் வரை சுமந்தது எதற்கு?"

நல்ல வாதம் என்று இன்றும் சொல்வேன். எந்த நடுவராக இருந்தாலும் மணியடித்து எனக்கு வெற்றி வழங்கியிருப்பார். பெரிய டாக்டர் அடித்த மணியோ, என்னை வெளியே அனுப்ப!

பியூன் வந்து நின்றார். பேனா முனை தாளைத் தொட்டது. அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்ட குப்பம்மாள் பெஞ்சை விட்டு அசையவே இல்லை.

"ஏம்மா, உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேனே?"

"சொன்னே சார். நல்ல சேதிதான். அது என்னுதா, அந்தம்மாவுதா?"

"உன்னோடதுதான்."

"எப்டி சார் தெரியும்?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்றே... அந்தப் பாட்டிலு சொல்லலியே! நாளைக்கு நெஞ்சுல கையை வச்சா இன்னான்னு நெனச்சிகினு தூங்குவேன்? அந்தம்மாவோட நல்ல சேதியைத் தூக்கி என் மடியில போட்டுட்டு, போம்மான்னா நான் எப்டி போவேன்? இன்னொரு தபா வெட்டு சார். நான் இங்கியே கீறேன்."

என் அத்தையும் வாய் திறந்தார். "ஆமாங்கையா. எனக்குதான்னா எனக்குதான், ஆண்டவர் சித்தம். எடுத்துடுங்க. ஆனா யாருதுன்னு தெரிஞ்சுகினு எடுங்க. என்னுதை எடுத்துட்டு, நோயி அவங்களுக்கு இருந்துகினு இருந்தா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

கெட்ட செய்தியை மறுப்பவர் உலகில் உண்டு. கையில் வைத்துக் கொடுத்த நல்ல செய்தியை, முகவரி சரியில்லை என்று திருப்பித் தந்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். பெரிய டாக்டரும் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். பேனாவை மூடினார்.

இருவருக்கும் மீண்டும் வெட்டினார்கள். ஆறிவந்த புண்ணின் மேல் இன்னொரு புண். இம்முறை நர்ஸ் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் பெயரெழுதி, சதையோடு உள்ளே போட்டார். அந்த நேரத்தில் பெரிய டாக்டர் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பென்சிலைத் தாம் அனுமதிக்கவில்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான்!

முடிவு வந்தது. புற்று என் அத்தைக்குத்தான். குப்பம்மாளுக்கு வெறும் கட்டி.

ஆம். பெரிய டாக்டர் ஊகித்தது சரி.

இதை நான் மறைத்திருக்கலாம். அவர் தோற்றார் என்று முடித்திருந்தால் என் பத்தி இன்னும் மிடுக்காக இருந்திருக்கும். ஆனால் என் கோபம் கொழுந்துவிட்டு எரிந்ததே அந்த முடிவைக் கேட்ட பிறகுதான். பெரிய டாக்டர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "பார்த்தியா தம்பி? நான் அன்னைக்கே சொன்னேன். பேச்சுப் போட்டி வேற, வைத்தியம் வேற. ரெண்டு பொம்பளைங்களை அநியாயமா ரெண்டாவது தடவை வெட்ட வச்சே" என்று சிரித்தார்.

நான் வெட்ட வைத்தேனாம்! லேபிளைக் கரைய விட்டவர் அவர். பென்சிலைத் தடுத்தவர் அவர். கத்தியைப் பிடித்தவரும் அவர். பழி மட்டும் எனக்கு!

தவறாக ஊகித்தவனுக்காவது ஒருநாள் தலை குனியும் வாய்ப்பு உண்டு. சரியாக ஊகித்தவனுக்கு அதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தவன், அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்ததும், கண்ணே தேவையில்லை என்று ஊருக்கு உபதேசம் செய்கிறான். அவன் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கப்போவது யார்? அடுத்த சூசையம்மாள். அடுத்த குப்பம்மாள்.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, நம் வயல்களில் எந்திரங்கள் முழங்கப்போகின்றன என்று இப்போது மேடைதோறும் பேசுகிறார்கள். வரட்டும். தாம்பரத்துப் பட்டறையில் வேலை செய்யும் என் மாமா, அத்தையின் கணவர், சொல்வார்: அங்கே ஒரு போல்ட் செய்தாலும் அதன் தலையில் அடையாள எண் ஒன்றை வெட்டுளியால் பொறிக்கிறார்களாம். எண்ணெயில் போட்டாலும், வெந்நீரில் போட்டாலும் போகாதாம். இரும்புத் துண்டுக்கு இருக்கும் அடையாளம் மனிதச் சதைக்கு வேண்டாமா?

அத்தைக்குப் பட்டணத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு மார்பு போயிற்று, உயிர் தப்பியது. வீடு திரும்பிய பிறகு குப்பம்மாள் முறம் நிறைய வேர்க்கடலையோடு பார்க்க வந்தார். நான் அருகில் இருந்தேன்.

"என்னால உனக்கு ரெண்டு வெட்டும்மா" என்றார் அத்தை.

"அட நீ ஒண்ணு! அந்த ரெண்டாவது வெட்டாலதான் நான் தூங்கறேன். மொத வெட்டு டாக்டருக்கு. ரெண்டாவது எனக்கு." குப்பம்மாள் கடலையை உடைத்து அத்தையின் கையில் வைத்தார். "வலி இன்னும் கீதா?"

"கை தூக்கினா கீது."

"தூக்காதே. உன் வூட்டுக்காரரைத் தூக்கச் சொல்லு. பட்டறையில ஓவர்டைம் பார்க்கறவருக்கு ஒரு கொடம் தூக்கத் தெரியாதா?"

அத்தை சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும் என்று மார்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். பேரில்லாத ஒரு தாளை நம்பி ஒருவர் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், அந்த இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்களா? 'சரியாகத்தானே சொன்னேன்' என்கிறவரே, இந்தச் சிரிப்பை உங்கள் விரல் சொல்லியிருக்குமா?

சென்ற வாரம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு சுற்றறிக்கை கண்டேன். இனி சதைப் பாட்டில்களுக்குள் பென்சிலால் பெயரெழுதிய துண்டுக் காகிதத்தைப் போடலாமாம். அறிவு வென்றது என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அடுத்த வரியையும் படித்தேன். அந்தக் காகிதத்திலும் பெரிய டாக்டரின் பச்சை மைக் கையெழுத்து கட்டாயமாம்!

போகட்டும். பாட்டிலுக்குள் பெயர் நிற்கும், கையெழுத்து கரைந்துவிடும். நோயாளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.