அம்மா வளர்த்த சாண்புழுக்கள்

மழை விட்ட காலையில் சுவரில் கை வைத்தால், சாம்பலைவிட நைசான ஒரு பொடி விரலில் ஒட்டிக்கொள்ளும். உடுமலைக்கு மேலே, தேசியப் பூங்காவின் காட்டுக்குள் இருந்த ஓய்வு விடுதிக்கு அப்பா காவலர். வாசல் விளக்கைத் தேடி வந்த அந்துப்பூச்சிகள் விடிந்த பிறகும் இறக்கையை மடக்காமல், சுவரோடு சுவராகத் தாள் ஒட்டினாற்போல் விரிந்து கிடக்கும். அம்மா எல்லாவற்றையும் "வெளக்குப்பூச்சி" என்று ஒரே பெயரில் கூட்டித் தள்ளிவிடுவாள்.

எனக்குப் பத்து வயதான மழைக்காலத்தில், பூச்சிகளை ஆராயும் டீச்சர் ஒருவர் கோவையிலிருந்து வந்து, விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினார். அவர் தேடியது தளிர்ப்பச்சை நிறத்தில் ஓர் அந்துப்பூச்சி. அதன் இனத்துப் புழுக்கள் சாண் போட்டு நகரும் என்பதைத் தவிர, அதன் புழு எப்படி இருக்கும், எந்த இலையைத் தின்னும் என்று யாருக்கும் தெரியாதாம். மூன்றாம் நாள் காலை, துணியோரத்தில் அது முட்டையிட்டிருந்தது. டீச்சர் குளித்துவிட்டு டப்பாவோடு வருவதற்குள், விருந்தாளியின் துணியை அழுக்கோடு திருப்பி அனுப்பக்கூடாது என்ற வழக்கப்படி, அம்மா அதை ஓடைக்கல்லில் அடித்து வெளுத்திருந்தாள்.

"அம்மிணி, டீச்சரம்மா படிப்பையே தொவைச்சுப்போட்டயே!" என்று அப்பா சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "உடுங்கக்கா" என்றார், குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. மதிய ஜீப்பில் அவர் ஏறும்போது அம்மா என்னை முகவரி எழுதிக்கொள்ளச் சொன்னாள். "அந்தப் புழுவ நாங் கண்டுபுடிச்சுத் தாரேனுங்க."

அதன்பின் உடம்பை வளைத்து வளைத்துச் சாண் போட்டு நகரும் புழு எதைக் கண்டாலும், இலையோடு ஒடித்துப் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, சமையலறை ஜன்னலில் வைத்தாள். பல செத்தன, பிழைத்தவை சாம்பலாக, பழுப்பாக, மஞ்சளாக வெளிவந்தன. "நீயில்ல கண்ணு, போ" என்று ஒவ்வொன்றையும் திறந்துவிட்டாள். மூன்றாவது மழைக்காலத்தில், காய்ந்த குச்சி என்று நான் எறியப்போன ஒரு புழுவிலிருந்து பச்சை இறக்கை விரிந்தது. அந்தப் புழு தின்ற ஓடைக்கரைக் கொடியின் இலை ஒன்றை மடித்து வைத்து, அம்மா சொல்லச்சொல்ல நான் கடிதம் எழுதினேன். டீச்சரின் பதில் வந்தது: அதேதானாம்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். கம்பத்துக்குக் கம்பம் கண்கூசும் விளக்கு. விடிந்து பார்த்தால் வெறும் சுவர். அந்தக் கொடி படர்ந்திருந்த கரை, வண்டிகள் நிறுத்தும் சிமெண்ட் தளம்.

நாங்கள் இப்போது இருக்கும் பல்லடத்து வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அந்தக் கொடி இருக்குதா?"

"இருக்குதுங்கம்மா. நல்லாத் தழைஞ்சு கெடக்குது."

"அப்பச் செரி" என்றவள், அடுத்த இணுக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.