அப்பா பிடித்த நாடாவின் முனை

1963 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, செம்பூர் பங்களாவின் கேட்டை அப்பாதான் திறந்துவிட்டார்கள். வந்த இருவரிடம் அளவு நாடா இருந்தது. மழைக்கு முன் வெள்ளையடிக்கப் பங்களாவின் சொந்தக்காரர் சேட் ஆண்டுதோறும் ஆள் அனுப்புவார். அவர்கள்தான் என்று நினைத்த அப்பா, மோர் கொடுத்து, நாடாவின் ஒரு முனையைத் தாமே பிடித்து எல்லைக்கல் வரை நடந்தார்கள்.

நாங்குநேரிப் பக்கம் பிறந்து, மழை பொய்த்த ஓராண்டில் பம்பாய் வந்த அப்பா, முதலில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். பிறகு இந்தப் பார்ஸி சேட்டின் தோட்டத்தில் மாலியாக, அதாவது தோட்டக்காரராக, முப்பத்தைந்து ஆண்டுகள். அங்கே பின்கட்டு அறையில்தான் நாங்கள் பிறந்தோம்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சப்போட்டா வரிசை, வற்றாத கிணறு. சேட் குடும்பம் ஞாயிறு மட்டும் வரும். மற்ற நாளெல்லாம் தோட்டம் எங்களுடையது. ஆனால் உதிர்ந்த பழம் தவிர எதிலும் கைவைக்க அப்பா விட்டதில்லை. "நம்ம பாத்துக்கிடுதோம். நம்மது இல்லல்லா."

இரண்டே வாரத்தில் லாரிகள் வந்தன. முதலில் மரங்களை வெட்டினார்கள், பிறகு வீட்டை இடித்தார்கள். சேட் வரவில்லை, ஒரு கடிதமும் இல்லை. நாங்கள் தாராவிக்குக் குடிவந்தோம்.

"நம்ம அண்ணாச்சி பங்களாவ அளந்துல்லா குடுத்துட்டாரு" என்று சலூனில் ஒருவர் கேலி செய்தார். அப்பாவும் சிரித்தார்கள். அன்று இலையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"சேட்டு குடுத்த சீட்டு இருக்கான்னு கேக்காம ஆள உள்ள விட்டேன். சேட்டுக்குக் கோவம். அதான் வரல." இதையே அப்பா ஐந்து ஆண்டுகள் சொன்னார்கள். சேட்டைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆபீஸ், பிள்ளைகள் பரீட்சை என்று தள்ளிப்போட்டேன். என் மகள் பள்ளியிலிருந்து சற்றுப் பிந்தினாலும் இப்போது வாசலுக்கு ஓடுகிறேன். எதையும் தள்ளிப்போட எனக்குப் பயமாயிருக்கிறது.

கடைசிக் காய்ச்சலிலும் அப்பா கேட்டது, "ஏல, கேட்டப் பூட்டியாச்சா?" என்றுதான். பூட்டியாச்சு என்றேன்.

அந்த நாட்களில் முறைவைத்துக் கூட இருந்த சந்துக்காரர்களுக்கும், ஊரிலிருந்து மூன்றாம் வகுப்பில் நின்றே வந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள், இலை எடுக்கும் நேரத்தில் சேட்டின் மகள் வந்தார். எங்கள் அம்மாவின் அடுப்படியில் கற்ற தமிழ் அவரிடம் இன்னும் இருந்தது.

"பப்பா ஜனவரியிலயே வித்துட்டார் அண்ணா. அளக்க வந்தது வாங்கினவங்க ஆளுங்க. மாலிகிட்ட சொல்ல பப்பாவுக்கு முகம் இல்ல. இப்பவும் சந்து முனையில டாக்ஸியில உக்காந்திருக்கார். நீங்க வந்து கூப்பிட்டா இறங்குவார்."