சாய்ந்தால் கால் ஊன்றும் பழக்கம்

இன்று திருமழிசை தாண்டி ஒரு மைதானத்துக்குப் போயிருந்தோம். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும் ஏ.டி.வி. வண்டி ஓட்டலாம். நாலு சக்கரம், பைக் மாதிரி ஹேண்டில்.

ஹெல்மெட் மாட்டிவிட்டவர் என் கணவரிடம், "சார், வண்டி சாஞ்சா கால கீழ ஊணாதீங்க. பின் சக்கரம் ஏறிடும்," என்றார்.

"பதினஞ்சு வருஷமா பூந்தமல்லி ரோட்ல பைக் ஓட்டறேன்ப்பா," என்றார் இவர்.

அதுதான் வினை. சரிவில் வண்டி லேசாகச் சாய்ந்ததும், சிக்னலில் ஊன்றுகிற அதே இடது கால் தானாகக் கீழே போனது. பின் சக்கரம் பாதத்தில் ஏறி இறங்கியது.

இவரைக் கைத்தாங்கலாக ஓரத்தில் உட்காரவைத்துத் திரும்பினால், வரிசையில் அடுத்து நின்றவர் தன் சின்னப் பெண்ணைத் தூக்கி வண்டியில் தனக்கு முன்னால் நிற்கவைக்கிறார், ஸ்கூட்டரில் நிற்கவைப்பது போல.

"வேணாங்க. இப்பதானே பார்த்தீங்க?"

"உங்க ஊட்டுக்காரருக்கு ஓட்ட வரல மேடம். நான் இருபது வருசமா ஓட்டிகினு கீறேன்."

ஹெல்மெட் மாட்டிவிட்டவர் அவருக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது. அதே சரிவு. அந்தக் குழந்தை எனக்குக் கையசைத்தது.

சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, "அந்த வண்டில பிரேக் சரியில்ல," என்கிறார் இவர்.

அனுபவமே இல்லாத டிரைவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இனி அவரை நம்பித்தான் வண்டியில் ஏறுவதாக இருக்கிறேன்.